பாதி விலைக்கு ஒரு பப்ளிமாஸ்

எங்கள் வீட்டில் கார் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டேன். ஏகமனதான தீர்மானம். கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். இந்தத் தீர்மானத்தை என் மனைவி யூலியனுக்குத் தெரிவிப்பதில்லை என்று இன்னொரு தீர்மானமும் அதே கூட்டத்தில் நிறைவேறியது.

ஆம்பிளை என்றால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. முடியாது என்று சொன்ன புருஷன் எவனும் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. 'பொறு' என்று சொன்னவன்தான் ஏதோ கொஞ்சம் காலம் தள்ளியிருக்கிறான்.

கார் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. லியூஜோவ் நகரத்தில் பிறந்தவன் காரை எப்படி வெறுக்க முடியும்? எங்கள் ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் கார் தொழிற்சாலைச் சோறுதான் வேகிறது. தெருவில் இறங்கினால் குட்டிக் குட்டி மின்சாரக் கார்கள். ரோஜா நிறம், முட்டை மஞ்சள், பூனை மூஞ்சி வரைந்தது, மீசை ஒட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் விரோதம் எல்லாம் அது போகும் திசையோடுதான்.

யூலியனின் அம்மா லியூச்செங் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். இரண்டு பஸ் மாறி, கடைசியில் கரும்புக் காட்டு வழியே நடந்து போக வேண்டும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் போவதில்லை. நான் நகரப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறவன். எங்கள் பேருந்துச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

மாமியார் கெட்டவர் இல்லை. "வாங்க மருமகனே" என்று ஒரு கிண்ணம் அரிசிச் சாராயம் கொடுத்துத்தான் வரவேற்பார். அது தொண்டைக்குக் கீழே இறங்குவதற்குள் கூரை ஓடு மாற்றுவதற்கு ஏணி சாத்தியிருக்கும். ஏணியில் ஏறினால் கீழேயிருந்து வர்ணனை. "மூத்த மருமகன் இருந்தா இந்நேரம் ரெண்டு கூரை முடிச்சிருப்பான்." என் சகலை ஆரஞ்சுத் தோட்டக்காரன். எருமைக்கு வேட்டி கட்டினாற்போல இருப்பான். அவனோடு என்னை ஒப்பிட்டால் நான் தோற்பேன் என்பது எனக்கே தெரியும். அதைக் கூரை மேல் நின்றுகொண்டு கேட்க வேண்டுமா?

குட்டிக் கார் ஒரு தடவை சார்ஜ் போட்டால் நூறு கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம் பார்த்தேன். மாமியார் வீடு நாற்பத்தைந்து. போக, வர, அங்கே கோழி வாங்கச் சந்தைக்கு ஒரு சுற்று. கம்பெனிக்காரன் என் மாமியார் வீட்டுக்கு டேப் வைத்து அளந்த பிறகுதான் பேட்டரியே செய்திருக்கிறான்!

யூலியனுக்கு வேறு கவலை. அவள் புளிக்க வைத்த மூங்கில் குருத்து வியாபாரம் செய்கிறாள். எங்கள் ஊர் நத்தை நூடுல்ஸுக்கு அதுதான் உயிர். அதன் வாசனைக்கு லிஃப்ட்டில் எங்களோடு யாரும் ஏறுவதில்லை என்பது ஒரு கூடுதல் வசதி. விடியற்காலையில் ஜாடிகளை மின்சார ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சந்தையில் உட்கார்ந்து விற்றுவிட்டு வருவாள். வெயில் காலத்தில் பரவாயில்லை. டிராகன் படகுத் திருவிழாவையொட்டிக் கொட்டுகிற மழைதான் அவளுக்குச் சத்துரு.

"ஏங்க, மழைக்கு முன்னாடி ஒரு குட்டிக் கார் வாங்கிடலாமா?"

"வாங்கிட்டாப் போச்சு."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. பின்ன ஏன் உடனே சரிங்கறீங்க?"

"வாங்கலாம்னுதான் சொன்னேன். இன்னிக்கே வாங்கலாம்னா சொன்னேன்? விலை இறங்கிட்டு இருக்குடி. இப்ப வாங்கறவன் ஏமாளி. கொஞ்சம் பொறு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கீழ வா. காட்டறேன்."

கீழே முற்றத்தில் கற்பூர மரத்தடியில் என் சிநேகிதர் தெங், தன் புதுக் காருக்குள் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடவில்லை. அவர் முகத்தில் ஈயும் ஆடவில்லை.

"என்னண்ணே, எங்க கிளம்பிட்டீங்க?" என்று யூலியன் கேட்டாள்.

"எங்கயும் இல்லம்மா. சும்மா உக்காந்திருக்கேன்."

"வீட்டுக்குள்ள உக்காரலாமே?"

"வீட்டுல அவ இருக்கா."

விஷயம் இதுதான். தெங் 'பப்ளிமாஸ்' கார் வாங்கி, சிவப்புத் துணிப் பூ கட்டி, படம் எடுத்து, ஊரெல்லாம் அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை கம்பெனிக்காரன் ஐயாயிரம் யுவான் குறைத்துவிட்டான். எதிர்க்கடை 'தும்பி' கார்க்காரன் முதல் நாள் குறைத்தானாம், அதற்கு இவன் பதில் சொன்னானாம். நடுவில் தெங்கின் ஐயாயிரம் போயே போச்சு. தெங் சம்சாரம் அன்று முதல் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசினால் பரவாயில்லையே, பாத்திரம் பேசுகிறது என்கிறார் பாவம்.

"பார்த்தியா?" என்றேன் யூலியனிடம், ஒரு பேராசிரியர் மாதிரி. "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? எங்கிட்ட அஞ்சு நிமிஷம் கேட்டிருந்தா தடுத்திருப்பேன்."

"கேட்டேனேய்யா!" என்று காருக்குள்ளிருந்து தெங் அலறினார். "'சீக்கிரம் வாங்கு, எங்களையும் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு நீதானே சொன்னே!"

சிநேகிதர்களின் ஞாபகசக்தி சில சமயம் குடும்பத்துக்கு ஆகாது. நான் பேச்சை மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே மரத்தடியில் நாங்கள் நாலு பேர் சீட்டாடுவோம். அதுதான் என் வாரத்தின் ஒரே சொர்க்கம். அந்த ஞாயிறு யூலியன் வறுத்த தர்பூசணி விதை கொண்டு வந்து வைத்தாள். கேட்காமலே கொண்டு வந்தாள். அது ஒரு அபாய அறிவிப்பு என்று எனக்கு உறைக்கவில்லை.

"ஏங்க, பப்ளிமாஸ் இப்ப முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. எவ்வளவுக்கு வந்தா வாங்குவீங்க?"

மூன்று பேரும் சீட்டை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். சபை கிடைத்தால் எனக்கு நாக்கு நீளும். அது பிறவிக் கோளாறு.

"பாதி!" என்றேன். "பாதி விலைக்கு வரட்டும். மறுநாளே வாங்கறேன்."

"நெசமாவா?"

"ஆம்பிளை வாயிலேர்ந்து போன வார்த்தையை நாலு குதிரை பூட்டித் துரத்தினாலும் பிடிக்க முடியாது."

"தெங் அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேம்மா," என்றார் தெங். ஐயாயிரம் போனதிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எனக்கோ உள்ளூர ஒரே கும்மாளம். கார் எங்கேயாவது பாதி விலைக்கு வருமா? ஆற்றில் தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிற அன்றைக்கு வேண்டுமானால் வரும். யூலியனுக்கு மறுப்பும் சொல்லவில்லை, காரும் வாங்க வேண்டாம். அன்று இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

இங்கேதான் சனி எண்ணெய் ரூபத்தில் வந்தது.

பப்ளிமாஸ் கடையும் தும்பிக் கடையும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. விலையில் அடித்துக்கொண்டது போதாதென்று இனாமிலும் அடித்துக்கொண்டார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு பப்ளிமாஸ் கடையில் ஒரு கேன் கடலை எண்ணெய். தும்பிக் கடையில் ஒரு தட்டு முட்டை. வாரம் ஒரு தடவை, லைசன்ஸ் காட்ட வேண்டும், அவ்வளவுதான். விலை நிலவரம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் போனேன். ஒரு கடையில் ஏறி ஒரு சுற்று, இறங்கிச் சாலையைத் தாண்டி இன்னொரு சுற்று. ஒரு கையில் எண்ணெய், மறு கையில் முட்டை. இந்த விலைப்போரில் லாபம் பார்த்த ஒரே வீரன் நான்தான்.

ஆசை யாரை விட்டது? அடுப்படியில் எண்ணெய் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது.

"யூலியன், உனக்கும் லைசன்ஸ் இருந்தா வாரம் ரெண்டு கேன், ரெண்டு தட்டு!"

"எனக்கெதுக்குங்க லைசன்ஸ்? நானா ஓட்டப் போறேன்?"

"எண்ணெய்க்குடி."

"வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்? நான் இருக்கேன்ல."

"அதாங்க பயம். பணம் வேற கட்டணும். வேணவே வேணாம்."

"கட்டியாச்சு!"

துணிக்கடையில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும்போது ஒரு குரல் வரும். நாம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறபோதுதான் அந்தக் குரலின் அர்த்தம் விளங்கும். அதே குரல். எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

முதல் தேர்விலேயே பாஸ் செய்துவிட்டாள். பின்பக்கமாக வண்டியை நிறுத்துகிற தேர்வில் நான் அந்தக் காலத்தில் மூன்று தடவை கம்பத்தை இடித்தவன். அவள் சந்தைச் சந்தில் ஸ்கூட்டர் நிறுத்திப் பழகியவள், கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை என்று வாத்தியார் மெச்சினார். பயிற்சிப் பள்ளிக்குக் கட்டிய பணத்துக்கு எத்தனை வருஷம் எண்ணெய் வாங்கலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. போடாதே என்று அதட்டி உட்கார வைத்தேன்.

அதன் பிறகு ஜோடியாகப் போனோம். நான் டயரை உதைத்துப் பார்ப்பேன். கதவைத் திறந்து மூடுவேன். விஷயம் தெரிந்தவன் மாதிரி உறுமுவேன். அந்த நேரத்தில் யூலியன் மேலாளரோடு ஓரமாக நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பாள். பப்ளிமாஸ் மேலாளர் பான் என்கிற அம்மாள். தும்பி மேலாளர் யின் என்கிற ஒல்லி மனுஷர். இரண்டு பேரும் யூலியன் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மூங்கில் குருத்துக்கு ஆர்டர் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விலை இறங்கிக்கொண்டே வந்தது. முப்பத்தாறு என்றான் தும்பி. முப்பத்துமூன்று என்றான் பப்ளிமாஸ். முப்பது என்று பலகை மாட்டிய அன்று எனக்கு லேசாக வியர்த்தது. பாதி என்பது தூரத்து மலையாக இருந்தது, இப்போது அதில் மரமெல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது. சீட்டாட்டத்தில் தெங் ஒவ்வொரு சீட்டுக்கும் "இறங்கு, இறங்கு" என்றே சொல்லிப் போட்டார்.

நடுவில் மழை வந்துவிட்டது. ஒருநாள் காலை யூலியன் சொட்டச் சொட்ட நனைந்து, நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆற்றுப் பாலத்துத் திருப்பத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, இரண்டு ஜாடி நடுரோட்டில் உடைந்துவிட்டதாம். முழங்காலில் சிராய்ப்பு.

"ரொம்ப வலிக்குதா?"

"காலை விடுங்க. ஒரு மாசம் பக்குவமா புளிக்க வெச்ச குருத்துங்க. லாரி ஏறிப் போயிடுச்சு."

அழவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதே போய் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே எழுந்து நின்றேன். உடனே கூரையும் ஏணியும் கண் முன்னால் வந்தன. உட்கார்ந்துவிட்டேன். அவள் காலுக்கு மருந்து மட்டும் வாங்கி வந்து தடவினேன். ஏதோ என்னால் முடிந்தது.

மருந்து தடவும்போது அவள் பெருமூச்சு விட்டாள்.

"பாவங்க அந்த ரெண்டு கடைக்காரங்களும். இப்படியே அடிச்சுக்கிட்டா ரெண்டு பேரும் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"ஆமா, ஆமா."

"வயசுல பெரியவங்க யாராவது போய், 'போதும்பா, விலையைக் குறைக்காதீங்க'ன்னு பக்குவமா நாலு வார்த்தை சொன்னா நிறுத்திக்குவாங்க. ஆனா யாரு சொல்றது? அதுக்கெல்லாம் தைரியம் வேணும்."

அன்று ராத்திரி எனக்கு ஒரு அபாரமான யோசனை தோன்றியது. நானே போய்ச் சொன்னால் என்ன? முழுக்க முழுக்க என் மூளையில் உதித்தது என்றே நம்பினேன்.

மறுநாள் பப்ளிமாஸ் கடைக்குத் தனியாகப் போனேன்.

"மேடம், நீங்க விலையைக் குறைக்கிறது எனக்குச் சரியாப் படலை."

பான் அம்மாள் குடித்துக்கொண்டிருந்த தேநீரை வைத்துவிட்டார்.

"நீங்க கார் வாங்க வர்றவர்தானே?"

"ஆமா."

"வாங்கறவரே குறைக்க வேண்டாங்கறீங்களா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இத்தோட நிறுத்திக்குங்க."

"யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலை. என் மனசாட்சி அனுப்பிச்சுது."

"ஓஹோ. அந்த மனசாட்சி எதிர்க்கடையில என்ன வேலை பாக்குது?"

எனக்குப் புரியவில்லை. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜன்னல் வழியே தும்பிக் கடையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அங்க வண்டி நிறைய தேங்கிப் போச்சா?"

"கொல்லைப்பக்கம் நிறையத்தான் நிக்குது. மழையில நனையுது," என்றேன். பார்த்ததைச் சொன்னேன், இதிலென்ன?

"அப்படிச் சொல்லுங்க!" என்று மேஜையில் ஒரு தட்டு தட்டினார். போகும்போது எனக்கு இரண்டு கேன் எண்ணெய் கொடுத்தார். பெரிய மனுஷன் சொல்லுக்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது என்று பூரித்துப்போய் வந்தேன்.

மறுநாள் பப்ளிமாஸ் பலகை: இருபத்தேழாயிரம்.

பதறிக்கொண்டு தும்பிக் கடைக்கு ஓடினேன். யின் என்னை உட்கார வைத்துத் தன் கையாலேயே தேநீர் ஊற்றினார்.

"அவங்க குறைச்சா குறைக்கட்டும் சார். நீங்களாவது கட்டுப்பாடா இருங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்," என்றேன்.

"நீங்க எதுக்கு சார் கெஞ்சறீங்க?" என்றார் யின். அப்படி ஒரு ஆனந்தம் அவர் முகத்தில். "அவங்களால இதுக்கு மேல இறங்க முடியாதோ?"

"எனக்கென்ன சார் தெரியும்? ஆனா இதுக்கு மேல இறங்கினா நான் தாங்க மாட்டேன்."

"புரிஞ்சுது சார், புரிஞ்சுது," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் தும்பிப் பலகை: இருபத்துநாலாயிரம்.

நான் மறுபடி பான் அம்மாளிடம் ஓடினேன். ஆயிரம் குறைந்தது. யின்னிடம் ஓடினேன். இன்னொரு ஆயிரம். நெருப்பை ஊதி அணைக்கப் பார்க்கிறவன் கதையாக, நான் ஊத ஊதத்தான் பற்றிக்கொண்டது. கடைசியில் புத்தி வந்து, இனி எந்தக் கடைப் பக்கமும் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம் நான் எண்ணெய் வாங்கக்கூடப் போகவில்லை. தூது வந்தவன் திடீரென்று வரவில்லை என்றால் எதிரி ஏதோ பெரிதாகத் திட்டம் போடுகிறான் என்றுதான் அர்த்தமாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சனிக்கிழமை காலை யூலியன் தலையில் பூப்போட்ட கிளிப் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, கிளம்புங்க. பப்ளிமாஸ் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. பாதியை விட நூறு யுவான் குறைச்சுக் கொடுக்கறாங்க. தெங் அண்ணன் கீழ காத்துக்கிட்டிருக்காரு."

"அவர் எதுக்கு?"

"குதிரை பிடிக்க."

வாங்கினோம். பணம் என் கணக்கிலிருந்து போனது. பெயர் யூலியன் பெயர். வெண்ணெய் நிறத்தில் உருண்டையாக ஒரு வண்டி. முன்னால் சிவப்புத் துணிப் பூ. ஒலிபெருக்கியில் பட்டாசுச் சத்தம். பான் அம்மாள் என்னைக் காரோடு நிறுத்திப் பத்துப் படம் எடுத்தார். கடைப் பெண்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டி அறிவித்தார்:

"பார்த்துக்கங்க! எதிர்க்கடை முதலாளிக்கு ரொம்ப வேண்டப்பட்டவர். அவரே நம்ம கடையில வாங்கிட்டார்!"

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை சுற்றியது. யூலியன் காரின் கூரையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி தெருவுக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, நான் தும்பிக்கடை முதலாளிக்கு வேண்டப்பட்டவன்னு யார் சொன்னது?"

"நான்தான். பேச்சோட பேச்சா ஒருநாள் சொல்லி வெச்சேன்."

"அப்ப தும்பிக்கடையில?"

"அங்க நீங்க பப்ளிமாஸ் முதலாளிக்கு வேண்டப்பட்டவர்."

"பொய்தானே ரெண்டும்?"

"வாரா வாரம் எண்ணெயும் முட்டையும் கொடுத்தாங்களே, வேண்டாதவங்களுக்கா கொடுப்பாங்க?"

"அப்ப நான் போய்க் கெஞ்சினது..."

"சந்தையில எனக்கு எதிர்ல உக்காந்து குருத்து விக்கறா பாருங்க ஒருத்தி. அவ என்னிக்கு வந்து 'அக்கா, விலையைக் குறைச்சிடாதே'ன்னு கெஞ்சறாளோ, அன்னிக்குத்தான் நான் குறைப்பேன். சரக்கு தேங்கிப்போச்சுன்னு அவளே வந்து சொல்லிட்டுப் போறாளே!"

சொல்லிக்கொண்டே ஒற்றைக் கையால் வண்டியை வளைத்தாள். நான் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன்.

சரி, தோற்றாயிற்று. இனி ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடுதான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். கல்லாக்கியதோடு, ஒரு முதுகுவலியையும் தயார் செய்து வைத்தேன். நாற்காலியிலிருந்து எழும்போது "அம்மா" என்று முனகி இரண்டு நாள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

ஞாயிறு வந்தது. யூலியன் சாவியை எடுத்தாள். "அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன். சோறு குக்கர்ல இருக்கு," என்றாள். போய்விட்டாள்.

கூப்பிடவே இல்லை! முதுகுவலி வீணாயிற்று.

வீணானால் ஆகட்டும், சொர்க்கம் மிச்சம் என்று துள்ளிக்கொண்டு சீட்டுக் கட்டோடு கற்பூர மரத்தடிக்கு இறங்கினேன். ஒருவரும் இல்லை. பாதி விலை எனக்கு மட்டுமா? பலகை ஊருக்கே மாட்டியது. எங்கள் சீட்டாட்டக் கோஷ்டியில் இரண்டு பேர் வீட்டில் அதே வாரம் பப்ளிமாஸ் வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு மாமனார் வீடு. மிச்சமிருந்தது தெங். அவர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இறங்கி வாங்க. ரெண்டு பேர் ஆட்டம் போடுவோம்."

"நான் நாப்பத்துநாலாயிரத்துக்கு மேல கொடுத்து வாங்கினவன்யா. நீ போய்ப் பாதியாக்கிட்டே. இப்ப பாத்திரம்கூட எங்கிட்ட பேசறதில்லை." ஜன்னலை அடைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு எனக்கு எதிராக நானே உட்கார்ந்து ஆடினேன். அதிலும் தோற்றேன்.

சாயங்காலம் யூலியன் கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். வேர்க்கடலை, கரும்பு, கொழுத்த ஒரு மீன். மழையில் ஒரு சொட்டு நனையவில்லை. அம்மா ஒரே பாட்டும் கூத்துமாக இருந்தாராம். ஆற்றங்கரையில் எல்லாரும் மீன் சுட்டுச் சாப்பிட்டார்களாம். சகலையும் வந்திருந்தானாம். "உங்களைப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கலீங்க," என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். எனக்கு என்னவோ போலிருந்தது. ஒருவர்கூடவா கேட்கவில்லை?

அடுத்த ஞாயிறும் அப்படியே. குக்கரில் சோறு. மரத்தடியில் நான். அதற்கடுத்த ஞாயிறு எங்கள் பழைய சீட்டு மேஜை இருந்த இடத்தில் ஒருவன் தன் தும்பியை நிறுத்தியிருந்தான்.

எங்கள் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாசம் பதினாலாம் தேதி வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வாத்து கொண்டுபோவது வழக்கம். யூலியன் முந்தின நாளே இரண்டு கொழுத்த வாத்து வாங்கிவிட்டாள். காலையில் அவற்றின் காலைக் கட்டிப் பின்சீட்டில் வைத்தாள். முன்சீட்டில் மூங்கில் குருத்து ஜாடியை உட்கார வைத்து, சிந்தாமல் இருக்க சீட் பெல்ட் போட்டுவிட்டாள். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"ஏதாவது வேணுங்களா?"

"இல்ல... நானும் வரட்டுமா?"

"நீங்களா? உங்களுக்கு முதுகு வலிக்குமே."

முனகலை அவளும் கேட்டிருக்கிறாள்!

"இப்பப் பரவாயில்லை."

"அம்மா கூரையைப் பத்திப் பேசுவாங்க."

"பேசட்டும். பெரியவங்க பேசத்தான் செய்வாங்க."

"மூத்த மாப்பிள்ளையும் இருப்பாரு."

"இருக்கட்டுமே. எவ்வளவு நல்ல மனுஷன்!"

"உங்களுக்கெதுக்கு வீண் சிரமம்? இடம் வேற இல்லை. ஜாடியைப் பின்னால வெச்சா கவிழ்ந்துடும்."

"ஜாடி இருக்கட்டும். நான் பின்னால ஓரமா உக்காந்துக்கறேன். தயவுபண்ணு யூலியன்."

யூலியன் ரொம்ப நேரம் யோசிப்பது மாதிரி யோசித்தாள். பிறகு முன்சீட்டை ஒரு விரற்கடை நகர்த்தி, போனால் போகிறது என்று வழிவிட்டாள். முழங்கால் தாடையைத் தொட, மடியில் ஒரு வாத்தும் பக்கத்தில் ஒரு வாத்துமாக மடங்கி உட்கார்ந்தேன். ஜாடி வசதியாக முன்னால் சாய்ந்துகொண்டு வந்தது. கரும்புக் காட்டுக்குள் வண்டி திரும்பும்போது மடியிலிருந்த வாத்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பாவம், எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாமியார் வாசலில் நின்றிருந்தார். வண்டி நின்றதும் நெற்றியில் கை வைத்துக் குனிந்து பின்கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்.

"ஏன்டி யூலியன், ரெண்டுதானே கொண்டாரச் சொன்னேன்? மூணு தெரியுதே?"

"இதுக்குக் காலைக்கூடக் கட்டலைம்மா," என்றாள் யூலியன், கதவைத் திறந்துவிட்டபடி. "தானா வந்து ஏறிக்கிச்சு."